எட்டு கிலோ வீரனும் முப்பது கிலோ வீரனும்: சிசிலி பொம்மலாட்டம் எப்படி இயங்குகிறது

இத்தாலியின் சிசிலித் தீவுப் பொம்மலாட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'பழம்பெரும் கலை' என்று ஆரம்பித்து யுனெஸ்கோவின் பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். சரி, 2001-ல் யுனெஸ்கோ அதை அங்கீகரித்தது, 2008-ல் தன் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்துக்கொண்டது. எனக்கு அதில் பிடித்த விஷயம் வேறு. தீவின் மேற்கே பலேர்மோ, கிழக்கே கத்தானியா. இரண்டு ஊரும் ஒரே கதையை, ஒரே மாதிரி கவசம் மாட்டிய பொம்மைகளை வைத்து ஆடுகின்றன, ஆனால் பொம்மையின் உயரம் மட்டும் வேறு. அந்த ஒரு வித்தியாசம் மேடையை மாற்றுகிறது, முழங்காலை மாற்றுகிறது, வாளை மாற்றுகிறது, கடைசியில் பொம்மலாட்டக் குடும்பத்தில் யார் என்ன வேலை செய்வது என்பதையே மாற்றிவிடுகிறது.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டத்துக்கு ஓபெரா தெய் பூப்பி என்று பெயர், ஆட்டுகிறவர் பூப்பாரோ. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இது இன்றைய வடிவத்துக்கு வந்தது. கதை சார்லமேன் மன்னரையும் அவருடைய வீரர்களையும் பற்றியது: ஒர்லாந்தோ, ரினால்தோ, எல்லாரையும் பைத்தியமாக அடிக்கும் அழகி ஆஞ்செலிக்கா, துரோகி கானோ. 778-ல் பைரனீஸ் மலையில் ரொன்செஸ்வாலெஸ் கணவாயில் நடந்த ஒரு நிஜமான தோல்விதான் மூலம், மற்றதெல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்த கற்பனை. 1858 முதல் 1860 வரை ஜுஸ்தோ லோதிக்கோ என்ற பள்ளி ஆசிரியர், சிதறிக் கிடந்த இந்தக் கதைகளையெல்லாம் கோத்து, பகுதி பகுதியாக அச்சிட்டு வெளியிட்டார். பூப்பாரோக்களுக்கு அது பெரிய சுரங்கம். ஒரு நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று மெகா சீரியல் மாதிரி இழுத்தார்கள், முழுக்கதையும் ஆடி முடிக்க ஒரு வருடத்துக்கு மேலேயே ஆகும். பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் உழைக்கும் ஆண்கள், தினமும் வருகிறவர்கள். கானோ மேடைக்கு வந்தால் கையில் கிடைத்ததை அவன் மேல் எறிந்தார்கள்.

இப்போது பொம்மைக்கு வருவோம். பொம்மலாட்டம் என்றதும் நினைவுக்கு வருவது நூல்தானே, இங்கே முக்கிய வேலையைச் செய்வது இரும்புக் கம்பி. ஒரு தடித்த கம்பி தலை வழியாக இறங்கி உடம்போடு கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. இன்னொரு கம்பி வலது கையில். கேடயம் பிடித்த இடது கைக்கு மட்டும் பெரும்பாலும் ஒரு கயிறு போதும். ஏன் கம்பி? நூலால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது, திருக முடியாது. நூலில் தொங்கும் பொம்மை கையை உயர்த்தினால் அது மறுபடி கீழே வருவது புவியீர்ப்பின் தயவில்தான், அதன் வேகத்தை ஆட்டுகிறவர் முழுதாகக் கட்டுப்படுத்த முடியாது. கம்பி மூன்றையும் செய்யும்: இழுக்கும், தள்ளும், திருகும். வாளை ஓங்குவது மட்டும் போதாது, ஓங்கிய வேகத்திலேயே எதிரியின் கேடயத்தில் இறக்கவும் வேண்டும் என்கிற ஒரு கதைக்கு வேறு வழியே இல்லை. சண்டைதான் இந்த ஆட்டத்தின் உயிர், அதனால் கம்பி வந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

நடப்பதுதான் இதில் அழகான பகுதி. கால்களுக்குக் கம்பியும் கிடையாது, நூலும் கிடையாது. தலைக் கம்பியைச் சற்றுத் திருகினால் உடம்பு திரும்புகிறது, இடுப்பில் தொங்கும் கால் அந்த வேகத்தில் முன்னே வீசப்படுகிறது. கால் ஓர் ஊசல். ஊசலுக்கு அதன் நீளத்தைப் பொறுத்த சொந்த நேரம் ஒன்று உண்டு, அதை அவசரப்படுத்த முடியாது. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கால் போய்த் திரும்ப ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும், அப்படியென்றால் ஓர் எட்டுக்கு அரை வினாடி. இதே கணக்கில் பெரிய பொம்மையின் 65 சென்டிமீட்டர் காலுக்கு ஒன்றே கால் வினாடிக்குக் கொஞ்சம் மேல். ஆட்டுகிறவர் இந்தத் தாளத்துக்குத் தன் மணிக்கட்டை ஒத்துப்போக வைக்க வேண்டும், தாளம் தப்பினால் கால் இரண்டும் மோதிக்கொண்டு வீரன் தள்ளாடுவான். யாரும் பூப்பாரோ வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊசல் சூத்திரம் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், சின்ன வயதிலிருந்து கையில் ஏறுகிற விஷயம் அது.

இனி எடை. பலேர்மோ பொம்மை 80 முதல் 100 சென்டிமீட்டர் உயரம், எடை 8 முதல் 10 கிலோ. கத்தானியா பொம்மை 120, 130 சென்டிமீட்டருக்குப் போகும், எடை 30 கிலோவைத் தாண்டும். உயரம் ஒன்றரை மடங்குதானே கூடுகிறது, எடை மட்டும் எப்படி மூன்று, நான்கு மடங்காகிறது என்று கேட்கலாம். நீளம் கூடும்போது அகலமும் கனமும் சேர்ந்தே கூடும், ஆகவே எடை உயரத்தின் மும்மடியாக ஏறும். 80-லிருந்து 130 என்றால் 1.6 மடங்குக்குச் சற்று மேல், மூன்று 1.6-களை ஒன்றோடொன்று பெருக்கினால் நான்குக்கும் மேல் வருகிறது. 8 கிலோவை நான்கால் பெருக்கிப் பாருங்கள், கத்தானியாவின் தராசு காட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். காகிதத்தில் போட்ட கணக்கு நிஜத்தோடு இவ்வளவு ஒத்துப்போவது அபூர்வம்.

பலேர்மோவில் ஆட்டுகிறவர் மேடையின் பக்கவாட்டில், திரைமறைவில், பொம்மை நிற்கும் அதே தரையில் நிற்கிறார். கையை நீட்டிப் பொம்மையை மேடைக்குள் பிடிக்கிறார். தோளிலிருந்து அரை மீட்டர் தள்ளி 8 கிலோவைப் பிடித்தால் தோளில் விழும் முறுக்குவிசை சுமார் 40 நியூட்டன் மீட்டர். கஷ்டம்தான், ஆனால் பழகினால் முடியும். இதனால் மேடையின் அகலத்தை முடிவு செய்வது மனிதக் கையின் நீளம்: மேடை குறுகலாக இருக்கும், ஆழம் கூடுதலாக இருக்கும், இந்தப் பக்கத்து ஆள் எட்டாத இடத்துக்குப் பொம்மை போனால் அந்தப் பக்கத்து ஆள் கம்பியை வாங்கிக்கொள்வார். சின்ன பொம்மை என்பதால் நுணுக்கமும் கூடுகிறது. முழங்கால் மடங்கும், வீரன் மன்னர் முன் மண்டியிடலாம். வாளை உறையிலிருந்து உருவலாம், திரும்பச் செருகலாம். உருவும் தந்திரம் எளிமையானது: மூடிய வலது கைப்பிடியில் ஒரு துளை, அதன் வழியாகப் போகும் நூல் வாளின் பிடியில் கட்டப்பட்டிருக்கும், நூலை இழுத்தால் வாள் தானாக வந்து கையில் உட்கார்ந்துகொள்ளும். தலைக்கவசத்தின் முகமூடியை உயர்த்தவும் இதே போல ஒரு நூல். முழங்கால் மடங்குவதால் நடையிலும் ஒரு கூடுதல் அழகு வருகிறது, தொடை முதலில் போக, கெண்டைக்கால் கொஞ்சம் தாமதித்துச் சடக்கென்று பின்தொடர்கிறது.

30 கிலோவை இப்படிப் பிடிக்க முடியுமா? அதே அரை மீட்டரில் 150 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும், பயில்வானே ஆனாலும் சில நிமிடங்களில் கை விழுந்துவிடும். ஆகவே கத்தானியாக்காரர்கள் பின்திரைக்குப் பின்னால், மேடைத் தரையைவிட உயரமாகப் பலகை போட்டு அதன் மேல் ஏறி நின்றார்கள். பொம்மை கைக்கு நேர் கீழே தொங்குகிறது, நெம்புகோலின் நீளம் குறைகிறது, உடம்பைச் சாய்த்துக்கொள்ளக் குறுக்கே ஒரு மரச்சட்டமும் உண்டு. முழங்காலில் மூட்டே கிடையாது, கால் ஒரே கட்டை. பார்க்க விறைப்பாக இருக்கிறது என்று சிலர் குறை சொல்வார்கள், ஆனால் மடங்காத கால் இருந்தால்தான் பொம்மையைத் தரையில் ஊன்றி எடையின் பெரும்பங்கை மேடைக்கே கொடுக்க முடியும். வாளை உருவுகிற நுணுக்கத்தையும் விட்டுவிட்டார்கள், அது எப்போதும் வலது கையிலேயே இருக்கும். பின்திரையை ஒட்டியே ஆட வேண்டியிருப்பதால் மேடை அகலமாகிறது, ஆழம் குறைகிறது. நுணுக்கத்தை இழந்து கம்பீரத்தை வாங்கிக்கொண்டார்கள். எது உசத்தி என்று இரண்டு ஊரையும் கேட்டால் சண்டை வரும். எனக்கு, வாள் உருவுகிற அந்த ஒரு வினாடிக்காகவே, பலேர்மோ ஒரு படி மேல்.

இதன் விளைவு குடும்பத்துக்குள்ளேயும் போனது. பலேர்மோவில் ஒரே பூப்பாரோ பொம்மையையும் ஆட்டி எல்லாப் பாத்திரங்களுக்கும், ஆஞ்செலிக்கா உட்பட, தானே குரலும் கொடுப்பார், காலில் கட்டை வைத்த செருப்பைத் தரையில் ஓங்கி மிதித்துச் சண்டைக்குத் தாளமும் போடுவார். கத்தானியாவில் 30 கிலோவைச் சுழற்றிக்கொண்டே மூச்சு வாங்காமல் காதல் வசனம் பேச முடியாது. அதனால் பேசுவதற்குத் தனி ஆள் நியமித்தார்கள், பெண் பாத்திரங்களுக்குக் குரல் கொடுக்கும் இடம் பெண்களுக்குக் கிடைத்தது. கத்தானியாவின் நாப்போலி என்ற பூப்பாரோ குடும்பத்தில் இத்தாலியா கியேசா நாப்போலி அப்படிப் பெயர் வாங்கியவர். பொம்மையின் எடைதான் பெண்களை மேடைக்குப் பின்னால் கொண்டுவந்தது என்று சொன்னால் சமூக வரலாற்றாளர்கள் முறைப்பார்கள், இருந்தாலும் எடைக்கு அதில் பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கவசத்தையும் சொல்லாமல் விட முடியாது. பித்தளை, செம்பு, ஜெர்மன் சில்வர் தகடுகளை அட்டை மாதிரிப்படி வெட்டி, சுத்தியலால் தட்டி வளைத்து, துண்டு துண்டாகப் பற்றவைக்கிறார்கள். பித்தளையைத் தட்டத் தட்ட அது இறுகி விறைத்துப்போகும், தொடர்ந்து தட்டினால் விரிசல் விடும், அதனால் நடுவில் சூடாக்கி மறுபடி இளக்க வேண்டும். அந்த இறுக்கத்தால்தான் மெல்லிய தகடும் வாளடியைத் தாங்குகிறது, அடிபடும்போது கணீரென்ற சத்தமும் வருகிறது. போர்க்காட்சியின் இசையில் பாதி இந்தத் தகடுகள்தான், மீதிப் பாதி, பலேர்மோவில், கைப்பிடியைச் சுற்றினால் வாசிக்கும் உருளைப் பியானோ. போரில் தலை துண்டாவதும் உடம்பு இரண்டாகப் பிளப்பதும் உண்டு. அதற்கென்றே தனிப் பொம்மைகள் வைத்திருப்பார்கள்: இரண்டு பாதியும் ஒரு முளையால் பூட்டப்பட்டிருக்கும், நூலை இழுத்தால் முளை கழன்றுவிடும்.

இவ்வளவையும் ஒரு வெளியாள் கற்றுக்கொள்வது எளிதல்ல. மரம் செதுக்க வேண்டும், தகடு தட்ட வேண்டும், திரை வரைய வேண்டும், ஒரு வருடக் கதையை மனதில் வைத்துக்கொண்டு தினமும் வசனத்தை அந்த இடத்திலேயே கட்ட வேண்டும். அதனால்தான் இது குடும்பங்களிலேயே தங்கியது. கத்தானியாவில் 19-ஆம் நூற்றாண்டில் கிராஸ்ஸோ, கிரிமி குடும்பங்கள், பிறகு 1921-ல் கயெத்தானோ நாப்போலி தொடங்கிய குழு. பலேர்மோவில் கிரெக்கோ, கனீனோ, அர்ஜெந்தோ, மன்குஸோ, குத்திக்கியோ. ஜாக்கொமோ குத்திக்கியோ தன் தியேட்டரையே தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியவர், மகன் மிம்மோ 1948-ல் பிறந்தது அப்படிப்பட்ட ஒரு பயணத்தில் ஜேலா ஊரில். ரத்த உறவு கட்டாயம் என்றும் இல்லை. கத்தானியாவுக்குப் பக்கத்து ஊரான அச்சிரெயாலேயின் எமானுவேலே மக்ரீ 1908 மெஸ்ஸீனா நிலநடுக்கத்தில் அநாதையான குழந்தை, மரியானோ பென்னிஸி என்ற பூப்பாரோ எடுத்து வளர்த்தார், பையன் அந்தத் தொழிலின் பெரிய பெயர்களில் ஒன்றானான்.

1954-ல் இத்தாலியில் தொலைக்காட்சி வந்தது. சினிமா ஏற்கெனவே கூட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தது. பல குடும்பங்கள் பொம்மைகளைப் பழம்பொருள் வியாபாரிகளிடம் விற்றுவிட்டுப் போய்விட்டன. அந்த நேரத்தில் அன்தோனியோ பாஸ்குவலீனோ என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், வேறு சிலரோடு சேர்ந்து, 1965-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார், 1975-ல் அது பலேர்மோவில் பொம்மை அருங்காட்சியகமாக வளர்ந்தது. மிம்மோ 1973-ல் பாரா அல்லோலிவெல்லா தெருவில் தன் தியேட்டரைத் திறந்தார். 1978-ல் நாப்போலி குழு நெதர்லாந்தின் எராஸ்மஸ் பரிசை வேறு சில பொம்மலாட்டக் குழுக்களோடு பகிர்ந்துகொண்டது.

எடை பற்றி மேலே சொன்னதற்கு நியூயார்க்கில் ஒரு சாட்சி இருக்கிறது. கத்தானியா பாணிப் பெரிய பொம்மைகளோடு அங்கே போய்ச் சேர்ந்த அக்ரிப்பீனோ மந்தேயோ, 1920-களில் இத்தாலியர்கள் வாழ்ந்த மல்பெரி தெருவில் தியேட்டர் நடத்தினார். கடல் தாண்டியும் வேலைப் பிரிவு அப்படியே போனது: பிள்ளைகள் பலகை மேல் நின்று ஆட்டினார்கள், பெண் பாத்திரங்களுக்கு மகள் ஈதா குரல் கொடுத்தார். மகன் மைக் மந்தேயோ பிழைப்புக்கு எலக்ட்ரீஷியன், 1983-ல் அமெரிக்க அரசின் தேசிய பாரம்பரியக் கலைஞர் விருது வாங்கினார்.

பலேர்மோவுக்கு எப்போதாவது போனால் நடு வரிசையில் உட்காராதீர்கள், ஓரமாக உட்காருங்கள். சண்டை சூடுபிடிக்கும்போது பக்கத்திரையிலிருந்து ஆட்டுகிறவரின் கை சட்டென்று எட்டிப் பார்க்கும், அந்த மணிக்கட்டு என்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.