அக்டோபரில் பறித்த பச்சைத் தக்காளி எப்படிச் சிவக்கிறது?

இங்கிலாந்தின் தென்பகுதியில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அக்டோபர் மாதத்தின் கடைசி வாரம் அவசரமான அறுவடைக் காலம். பள்ளிகளுக்கு அரைப்பருவ விடுமுறை விட்டிருப்பார்கள். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்ததும், மாலை ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். வானம் தெளிந்த ஓர் இரவில் உறைபனி விழுந்தால் போதும், வெப்பநாட்டுச் செடியான தக்காளி மறுநாள் காலையில் வெந்த கீரைபோலத் துவண்டு கருத்துக் கிடக்கும். அதற்கு அஞ்சியே, செடியில் எஞ்சியிருக்கும் பச்சைக் காய்களையெல்லாம் பறித்து வந்து, வெயில் படட்டும் என்று சன்னலோரத்தில் அடுக்கி வைக்கிறார்கள். ஆனால், பறித்த காய் சிவப்பதற்கு வெயில் தேவையில்லை. அதற்கு வேண்டியவை மிதமான வெப்பமும், அந்தக் காய் தானே உண்டாக்கும் ஒரு வாயுவும்தான்.

எல்லாக் காய்களும் இப்படிப் பழுத்துவிடுவதில்லை. விதை முதிர்ந்த பிறகே தக்காளி பழுக்கும் திறனைப் பெறுகிறது. அதற்கு முன் பறித்த பிஞ்சு வதங்கி அழுகுமே தவிர, நல்ல பழமாகாது. சந்தேகமிருந்தால் ஒரு காயைக் குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். விதையைச் சுற்றியுள்ள சதை கூழாகி, கத்தி படும்போது விதைகள் வெட்டுப்படாமல் வழுக்கி விலகினால் அது முற்றிய காய். உள்ளே கெட்டியாக இருந்து, விதைகளும் சேர்ந்து வெட்டுப்பட்டால் பிஞ்சு. அந்தப் பருவத்துக் காய்களை ஊறுகாய்க்கோ சட்னிக்கோ ஒதுக்கிவிடுவதே நல்லது.

முற்றிய காயைப் பழுக்க வைக்கும் வாயுவின் பெயர் எத்திலீன். இரண்டு கார்பன் அணுக்களும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த மிக எளிய மூலக்கூறு அது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஆய்வு செய்துகொண்டிருந்த திமித்ரி நெல்யூபோவ், ஆய்வகத்துக்குள் வளரும் பட்டாணி நாற்றுகள் மட்டும் நிமிராமல் பக்கவாட்டில் வளைவதைக் கவனித்து, விளக்கெரிக்கப் பயன்பட்ட வாயுவில் கலந்திருந்த எத்திலீனே அதற்குக் காரணம் என்று 1901இல் எழுதினார். வெளியிலிருந்து வரும் இந்த வாயு செடியைப் பாதிக்கிறது என்பது அப்போது தெரிந்தது. பழுக்கும் ஆப்பிள்களே அதை உற்பத்தி செய்கின்றன என்பதை 1934இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கேன் வேதியியல் முறையில் நிறுவினார். மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து படிப்படியாக எத்திலீன் உருவாகும் பாதையை, பின்னாளில் ஷாங் ஃபா யாங்கும் அவருடைய குழுவினரும் தெளிவுபடுத்தினார்கள்.

இதில் வியப்பளிப்பது என்னவென்றால், முற்றிய காயைத் தொடும் சிறிதளவு எத்திலீன், மேலும் எத்திலீனை உண்டாக்கும் நொதிகளையே அந்தக் காய்க்குள் முடுக்கிவிடுகிறது. பழுக்கத் தொடங்கிய பழம் தன்னையும் விரைவுபடுத்திக்கொண்டு அருகிலிருக்கும் காய்களையும் பழுக்கத் தூண்டுவது இதனால்தான். திராட்சையிலும் ஸ்ட்ராபெரியிலும் இந்தப் பெருக்கம் நிகழ்வதில்லை. ஆகவே புளிப்பாகப் பறித்த திராட்சை எத்தனை நாள் வைத்திருந்தாலும் இனிப்பதில்லை.

எத்திலீன் பெருகியதும் தக்காளிக்குள் பல மாற்றங்கள் ஒருங்கே நடக்கின்றன. பச்சையம் சிதைகிறது, பச்சையத்தைச் சுமந்திருந்த நுண்ணுறுப்புகளே உருமாறி, லைகோபீன் என்ற சிவப்பு நிறமியைச் சேர்க்கத் தொடங்குகின்றன. செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினை நொதிகள் கரைப்பதால் சதை மென்மையாகிறது. இவை எல்லாவற்றையும் கட்டுப்படுத்துவது வெப்பநிலை. 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை லைகோபீன் நன்றாக உருவாகும். 30 டிகிரிக்கு மேல் அது தடைபட்டு, பழம் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ நின்றுவிடும். 10 டிகிரிக்குக் கீழே பழுப்பதே ஏறக்குறைய நின்று, காய் குளிரால் சேதமடையும். இரவில் சில்லிட்டுப் போகும் கண்ணாடியை ஒட்டிய சன்னல் விளிம்பைவிட, அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு மேசை இழுப்பறை தக்காளிக்கு உகந்த இடம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். சுமார் 20 டிகிரியில், முற்றிய காய் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் சிவந்துவிடும். செடியிலேயே பழுத்ததன் இனிப்பு அதில் முழுமையாக இராது. இலைகளிலிருந்து வரவேண்டிய சர்க்கரை, பறித்த கணத்தோடு நின்றுவிடுகிறதல்லவா?

அந்த இழுப்பறையில் பழுத்த ஆப்பிள் ஒன்றையும் வைத்து மூடினால் வேலை இன்னும் விரைவாக நடக்கும். அக்டோபரில் ஆப்பிளுக்குக் குறைவே இல்லை. 1990 அக்டோபர் 21ஆம் நாள் லண்டனின் கோவன்ட் கார்டனில் தொடங்கிய ஆப்பிள் தினம், இப்போது இங்கிலாந்தின் பல ஊர்களில் குடும்பத்தோடு போய்வரும் கொண்டாட்டமாகிவிட்டது. கென்ட் மாவட்டத்தில் ஃபேவர்ஷாம் அருகிலுள்ள பிராக்டேலில், 2,000க்கும் மேற்பட்ட ஆப்பிள் வகைகளைக் கொண்ட தேசியப் பழத் தொகுப்பைச் சுற்றிப் பார்க்கலாம். அப்படிப் போய் வாங்கிவந்த ஆப்பிள்களைக் குளிர்காலம் வரை காப்பாற்ற வேண்டுமானால், தக்காளிக்குச் செய்ததற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்: குளிர்ச்சியான இடத்தில், காற்றோட்டத்தோடு, ஒன்றையொன்று தொடாமல் வைக்க வேண்டும். ஃபிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் ஆகிய இருவரின் ஆய்வுகள், ஆக்சிஜனைக் குறைத்துக் கார்பன் டை ஆக்சைடைக் கூட்டினால் ஆப்பிள் பழுப்பது தாமதமாகும் என்று காட்டின. அதன் பயனாக 1929இல் கேன்டர்பரி அருகே அத்தகைய வணிகச் சேமிப்புக் கிடங்கு அமைந்தது. தோட்டத்தில் தோண்டியெடுத்த கேரட்டை மட்டும் ஆப்பிளோடு வைக்கக் கூடாது. எத்திலீன் பட்ட கேரட்டில் கசப்புப் பொருள் உருவாகி, சமைத்தாலும் நாக்கில் தெரியும்.

தமிழ்நாட்டில் வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போடுவதும், மாங்காயை வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ புதைத்து வைப்பதும் இதே அறிவியல்தான். புகையில் எத்திலீன் இருக்கிறது. வைக்கோலும் அரிசியும் காய் விடும் எத்திலீனைக் கலைந்துபோகாமல் அருகிலேயே நிறுத்துகின்றன. கார்பைடு கல் ஈரம் பட்டு வெளிவிடும் அசிட்டிலீன், எத்திலீனைப்போல நடந்துகொள்வதால் பழத்தை நிறம் மாற்றுகிறது. ஆனால் அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்மங்கள் கலந்திருக்கக்கூடும் என்பதால் இந்தியாவில் அதைப் பழுக்க வைக்கப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. நேரடியாக எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த மட்டும், காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற வரம்புக்குள் அனுமதி உண்டு.

மேசை இழுப்பறையில் வைத்த தக்காளியை நாள்தோறும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது அவசியம். அடிபட்ட காயும் பூஞ்சை பிடித்த காயும் நல்ல காயைவிட அதிகமாக எத்திலீன் விடும். ஒன்றைக் கவனிக்காமல் விட்டால், பூஞ்சை பரவுவதோடு மற்றவையும் ஒரேயடியாகக் கனிந்து குழைந்துவிடும். சிவக்கத் தொடங்கிய செங்காய்களைத் தனியே எடுத்து, கொஞ்சம் குளிர்ந்த அறையில் வைத்தால், நவம்பர் நடுப்பகுதி வரை சமையலுக்குச் சிறிது சிறிதாகப் பழம் கிடைத்துக்கொண்டிருக்கும்.