ரிட்டார்ட் பவுச்: அவிகலப் பை

ரிட்டார்ட் பவுச் (பெயர்ச்சொல்): சமைத்த அல்லது பாதி வெந்த உணவை இட்டு, காற்றை வெளியேற்றி, வாயை ஒட்டி, பையோடு சேர்த்தே அழுத்தத்தில் சூடாக்கிக் கிருமி நீக்குவதற்கென்று செய்யப்படும் பல்லடுக்குப் பை. ஒட்டு பிரியாமலும் படலம் துளைபடாமலும் இருந்தால், குளிர்பெட்டி இல்லாமல் ஓராண்டுக்கு மேலும் உணவு கெடாது.

கடையில் இதைப் போலவே தோன்றும் வாக்குவம் பை வேறு பொருள். அது காற்றை எடுத்து ஒட்டியதோடு முடிந்துவிடுகிறது. உள்ளே கிருமி அழிக்கப்படவில்லை. கொடிய நச்சைச் சுரக்கும் போட்டுலினம் கிருமிக்குக் காற்றில்லாத இடமே ஏற்ற இடம் என்பதால், புளிப்பில்லாத ஈர உணவை வாக்குவம் பையில் அடைத்து அறை வெப்பத்தில் வைப்பது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் பொதுவாக ‘பிளாஸ்டிக் பை’ என்று சொல்லிவிட்டுப் போவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

சொல்லின் வரலாறு

‘பின்னோக்கி முறுக்குதல்’ என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்தது ரிட்டார்ட். குமிழ் போன்ற வயிறும் கீழ்நோக்கி வளைந்த கழுத்தும் கொண்ட வடிகலத்துக்கு ரசவாதிகள் இட்ட பெயர் இது. பிறகு கழுத்து மறைந்தது, பெயர் தங்கிவிட்டது: உள்ளே பொருளை வைத்து மூடிச் சூடாக்கும் கலம் எதுவானாலும் ரிட்டார்ட் ஆயிற்று. தகர டப்பாவில் உணவு அடைப்போர், டப்பாக்களை நீராவி அழுத்தத்தில் வைக்கும் பெரிய இரும்புக் கலத்தை இந்தப் பெயரால் அழைத்தார்கள். பவுச் என்பது பழைய பிரெஞ்சில் பைக்கு வழங்கிய சொல். பாக்கெட்டும் அதே குடும்பம்.

டப்பாவின் இடத்தைப் பை பிடித்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆய்வகம் படைவீரர் உணவுக்காக இதை வளர்த்தெடுத்தது. வீட்டுச் சமையலறைக்கு முதலில் கொண்டுபோனது ஜப்பான். ஒட்சுகா நிறுவனத்தின் ‘பான் கறி’ 1968-இல் விற்பனைக்கு வந்தது. முதலில் வந்த பையில் அலுமினியம் இல்லாததால் உணவு சில மாதங்களே தாங்கியது. அடுத்த ஆண்டில் அலுமினிய அடுக்கைச் சேர்த்த பிறகே நாடு முழுவதும் அனுப்ப முடிந்தது.

தமிழில் என்ன சொல்லலாம்?

வேதியியல் பாடநூல்களைப் பார்த்து ‘வாலைப் பை’ என்று பெயர்க்கத் தோன்றும். பொருந்தாது. வாலை வடிப்பதற்கான கலம்; இங்கே எதுவும் வடிக்கப்படுவதில்லை. ‘கிருமிநீக்கப் பை’ என்றால், காலியாக இருக்கும்போதே கிருமி நீக்கப்பட்ட மருத்துவமனைப் பைகளோடு குழம்பும்.

நாங்கள் பரிந்துரைப்பது கலத்துக்கு ‘அழுத்த அவிகலன்’, பைக்கு ‘அவிகலப் பை’. கொதிகலன் எப்படியோ அப்படியே அவிகலன். அவித்தல் என்றால் ஆவியில் வேகவைத்தல். ஒழித்தல், அணைத்தல் என்பதும் அதே வினையின் பொருள்தான். அந்தக் கலத்தில் இரண்டுமே நடக்கின்றன. கிருமி சாகும் அதே நேரத்தில் உணவும் மேலும் வேகிறது. அதனால்தான் அரிசியையும் காய்கறியையும் அரைவேக்காட்டில் நிரப்பவேண்டும். முழுக்க வெந்ததை நிரப்பினால் வெளியே வருவது கூழ்.

உள்ளே இருப்பதைக் குறிக்க ‘உண்ணத் தயார் உணவு’ என்று எழுதுவது வெறும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. ‘ஆயத்த உணவு’ போதும்.

121 டிகிரி என்ன கேட்கிறது?

அமிலம் குறைந்த உணவுக்கு, அதாவது பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அமிலம் குறையக் குறைய இது கூடும்) 4.6-க்கு மேற்பட்டதற்கு, அளவுகோல் 121.1 டிகிரி செல்சியஸ். பையின் மிகத் தாமதமாகச் சூடேறும் புள்ளி, அந்த வெப்பத்தில் குறைந்தது 3 நிமிடம் இருந்ததற்குச் சமமான சூட்டைப் பெறவேண்டும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் நேரம் பத்து மடங்கு: 111 டிகிரியில் அது 30 நிமிடம் ஆகிவிடும். நடைமுறையில் 3 நிமிடத்தோடு யாரும் நிறுத்துவதில்லை. அது போட்டுலினத்துக்கு உரிய அளவு; அதைவிட வெப்பம் தாங்கும், உணவைக் கெடுக்கும் கிருமிகளும் இருக்கின்றன.

பையின் ஒவ்வொரு அடுக்கும் இந்தச் சூட்டுக்குப் பதில் சொல்லவேண்டும். வழக்கமான கட்டமைப்பு, வெளியிலிருந்து உள்ளே: அச்சையும் உரசலையும் தாங்க 12 மைக்ரான் பாலியெஸ்டர், குத்துவதைத் தாங்க 15 மைக்ரான் நைலான், ஆக்சிஜனையும் ஒளியையும் தடுக்க 7 முதல் 9 மைக்ரான் அலுமினியத் தாள், ஒட்டுவதற்கு 70 மைக்ரான் அளவில் வார்ப்புப் பாலிபுரொப்பிலீன். இடையில் பாலியூரித்தேன் பசை. மலிவு என்று உள்ளடுக்கில் சாதாரணப் பாலிஎத்திலீனைப் போட்டால், அவிகலனுக்குள்ளேயே அது இளகி ஒட்டு பிரியும். நைலானை விட்டுவிட்டால், பை மடங்கும் இடங்களில் அலுமினியத்தில் ஊசித்துளைகள் விழும். எலும்போ முனையுள்ள துண்டோ இருந்தால் சொல்லவே வேண்டாம். எண்ணெய் மிகுந்த மசாலா சூட்டில் உள்ளடுக்கை ஊடுருவிப் பசையைத் தளர்த்தும். அப்போது அடுக்குகளுக்கு நடுவே கொப்புளம் எழும்பும், அல்லது மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரக்கும்.

பெரும்பாலான கோளாறு ஒட்டில்தான். நிரப்பும் குழாயின் நுனியிலிருந்து கடைசியாகச் சொட்டும் ஒரு துளி எண்ணெய், பையின் வாயில் பட்டால் போதும்: ஒட்டு பார்வைக்குச் சரியாக இருக்கும், அவிகலனில் அழுத்தம் மாறும்போது அந்த இடத்தில் வழி திறக்கும். குழாய் பைக்குள் இறங்கி நிரப்பி, சொட்டை உள்ளிழுத்த பிறகே மேலேறவேண்டும். உணவு மட்டத்துக்கும் ஒட்டுக்கும் இடையில் 30 முதல் 40 மி.மீ. காலி இடம் விடுவது நல்லது; ஒட்டின் அகலம் 8 முதல் 10 மி.மீ. இருக்கட்டும். 15 மி.மீ. அகலப் பட்டையாக வெட்டி இழுத்தால், பிரிக்க 23 நியூட்டன் விசையாவது வேண்டும் என்பது ஜப்பானில் கேட்கப்படும் வலு.

அடுத்தது தடிமன். பை தட்டையாக இருப்பதால்தான் டப்பாவைவிட விரைவில் நடுப்பகுதி சூடாகிறது, உணவின் ஓரம் கருகுவதில்லை. ஆனால் கெட்டியான உணவில் சூடு ஏறும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். 20 மி.மீ. பைக்கென்று வகுத்த நேரத்தில் 25 மி.மீ. பையை வைத்தால், தேவையான நேரம் ஏறத்தாழ 1.56 மடங்கு, நடு வேகாமலே வெளிவரும். கூடுதலாக ஒரு கரண்டி நிரப்பியதும், தட்டில் இரண்டு பை ஒன்றின்மேல் ஒன்று சரிந்ததும் இதே விளைவைத் தரும். ஆகவே தடிமனைக் கட்டுப்படுத்தும் இடைத்தட்டுகள் இல்லாமல் பைகளை அடுக்கவே கூடாது.

பை வெடிப்பது சூடேறும்போது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் ஆறும்போது வெடிக்கிறது. குளிர்நீர் பட்டதும் வெளியே ஆவி சுருங்கி அழுத்தம் விழுகிறது, உள்ளே உணவு இன்னும் 115 டிகிரியில் தள்ளிக்கொண்டிருக்கிறது. 121 டிகிரி ஆவிக்கு உரிய, வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 1 பார் அளவான அழுத்தம் இங்கே பற்றாது. அழுத்தக் காற்றைச் செலுத்தி, பை ஆறும்வரை எதிரழுத்தத்தைப் பிடித்துவைக்கவேண்டும். உள்ளே மிஞ்சிய காற்று விரிந்து இந்தச் சுமையைக் கூட்டும். சூடு உணவுக்குள் போவதையும் தடுக்கும்.

கைக்கு எளிதாக

திறப்பதற்கான கிழிவெட்டைப் பக்க ஒட்டின் அகலத்துக்குள்ளேயே நிறுத்தவேண்டும். ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனாலும் கசியும். நைலான் அடுக்குள்ள பை கோணலாகக் கிழியும் இயல்புடையது, சூடான குழம்பு கையில் கொட்டுவது அப்படித்தான். வெளிப்படலத்தில் மட்டும் லேசரால் கோடு கீறினால் நேராகக் கிழியும். கோடு உணவு மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். மூலைகளை வளைவாக வெட்டாவிட்டால், பக்கத்துப் பையை அவை குத்தும். அடிமடிப்பு வைத்த நிற்கும் பை, லூயி டுவாயன் என்ற பிரெஞ்சுக்காரர் 1960-களின் தொடக்கத்தில் கண்டது. கிண்ணம் இல்லாமல் உண்ண வசதி. அதில் அடிமடிப்பும் பக்க ஒட்டும் சந்திக்கும் முனையில் இரண்டடுக்கு நான்கடுக்காக மாறுகிறது. அந்த ஒரு புள்ளியில்தான் கசிவைத் தேடவேண்டும்.

அலுமினியம் உள்ள பையை மைக்ரோவேவில் வைக்கக்கூடாது. அதற்கென்று அலுமினிய ஆக்சைடோ சிலிக்கான் ஆக்சைடோ பூசிய ஒளிபுகும் படலங்கள் உள்ளன. அலுமினியத்துக்குப் பதில் ஈவிஓஎச் (ஆக்சிஜனைத் தடுக்கும் ஒருவகைப் பிளாஸ்டிக்) அடுக்கைப் போடுவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அவிகலனில் அது ஈரத்தை உறிஞ்சி, அடுத்த சில வாரங்களுக்கு ஆக்சிஜனைச் சரியாகத் தடுக்காது. புதிய படலத்தின் அட்டவணையில் உள்ள எண்ணை நம்பி, உணவு கெடாமல் இருக்கும் காலத்தைக் கணக்கிடாமல், அவித்து எடுத்த பையிலேயே ஆக்சிஜன் ஊடுருவலை அளந்து பார்க்கவேண்டும்.