மாவட்டக் கலை விருதுகள்: குமரி ஓவியர்களும் சிற்பிகளும் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

விருதுப் பட்டியல் வெளியாகும்போதெல்லாம் நம் ஊர் ஓவியர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அது வில்லுப்பாட்டுக்காரங்களுக்கும் மேளக்காரங்களுக்கும் உள்ளதுதானே?" இல்லை. ஓவியம், சிற்பம் இரண்டும் உண்டு. ஆனால் அதை யாரும் வீடு தேடி வந்து சொல்லப்போவதில்லை.

ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்டக் கலை மன்றம் 2002-03 முதல் இதை வழங்குகிறது. 18 வயது வரை கலை இளமணி (ரூ.4,000), 19 முதல் 35 வரை கலை வளர்மணி (ரூ.6,000), 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி (ரூ.10,000), 51 முதல் 65 வரை கலை நன்மணி (ரூ.15,000), அதற்கு மேல் கலை முதுமணி (ரூ.20,000). பிரிவுக்கு மூன்று பேர். அவ்வளவுதான் திட்டம்.

ஆறாயிரம் ரூபாய்க்கு கேன்வாஸும் பெயின்டும் வாங்கினால் எத்தனை நாள் வரும் என்பது தெரிந்ததே. பணத்துக்காக இதை விரட்ட வேண்டாம், சான்றிதழுக்காக விரட்டுங்கள். சுதந்திரம் கிடைத்து எட்டே ஆண்டில், 1955இல், மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் முதல் தேசியக் கண்காட்சியில் நவீன ஓவியர் எம்.எஃப். ஹுசைனின் 'ஜமீன்' ஓவியம் பரிசு பெற்றது. புதிய பாணியில் வரைகிறவனையும் நாடு மதிக்கிறது என்பது இப்படிப்பட்ட பரிசுகளால்தான் வெளியே தெரிந்தது. நம் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். அரசு கவின்கலைக் கல்லூரி வேண்டுமென்றால் கும்பகோணத்துக்கோ சென்னைக்கோ போக வேண்டும். கொல்லங்கோட்டிலிருந்து வரைகிற பையனுக்கு முதல் அங்கீகாரம் மாவட்டத்தில் கிடைக்காவிட்டால் வேறு எங்கே கிடைக்கும்?

சரி, சிக்கல்களுக்கு வருவோம்.

அறிவிப்பு ஆட்சியர் பெயரில் வரும். அதைப் பார்த்துவிட்டு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஓடுவார்கள். அங்கே ஒரு மேசை இன்னொரு மேசையைக் காட்டும். கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம் இருப்பது திருநெல்வேலியில். குமரி மாவட்டமும் அதன் கீழ்தான். ஆகவே அறிவிப்பில் எந்த முகவரி இருக்கிறதோ அதற்கு நேராக ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கையில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். "பெரிய சார் லீவு, வச்சிட்டுப் போங்க" என்றால் வைத்துவிட்டு வராதீர்கள்.

அடுத்தது, பலர் வாசிக்காமல் தாண்டும் வரி: தேசிய விருதோ மாநில விருதோ, மாவட்டக் கலை மன்ற விருதோ ஏற்கெனவே பெற்றவர்கள் விண்ணப்பிக்கக் கூடாது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அவசரப்பட்டு இளமணி வாங்கும் பெற்றோர், அதே பிள்ளை முப்பது வயதில் தனக்கென்று ஒரு பாணி பிடித்து நிற்கும்போது இந்த வரியில் வந்து முட்டுவார்கள். இந்த விதி சரியா என்றால், எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எழுதியிருப்பது அதுதான். நவீன ஓவியத்தில் தீவிரமாக இருப்பவர்கள் வளர்மணிக்குக் காத்திருப்பதே மேல். 35ஐ நெருங்கியவர்கள் மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

மயிலாடி சிற்பிகளின் தலைவலி வேறு. கலை மன்றத்துக்குப் போனால் "இது கைவினை, பூம்புகாரைப் பாருங்க" என்பார்கள், மாநில அரசின் கைவினை நிறுவனமான அந்தப் பூம்புகாருக்குப் போனால் "இது சிற்பம்" என்பார்கள். பூம்புகார் மாநில விருதுகள் தனி வழி, இது தனி வழி. அதை முதலில் வாங்கிவிட்டால் மேலே சொன்ன வரி இங்கே குறுக்கே நிற்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் 'கல் வேலை' என்று எழுதாமல் 'சிற்பக் கலை' என்றே எழுதுங்கள். வேலை பட்டறைக்காரர் பெயரில் போவதால் உளி பிடித்தவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. செய்துகொண்டிருக்கும்போதே படம் எடுத்து, தேதி குறித்து, பட்டறைக்காரரிடம் ஒரு கடிதமும் வாங்கிவிடுங்கள்.

மேளக்காரருக்குக் கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸே ஆதாரம். ஓவியருக்கு அப்படி எதுவும் தானாக வந்து சேராது. கண்காட்சி அழைப்பிதழ், பத்திரிகைச் செய்தி, அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் ஓவியச் சான்றிதழ், பிள்ளைகளுக்குக் கலை சொல்லித்தரும் அரசின் ஜவகர் சிறுவர் மன்றச் சான்று என்று கிடைத்ததையெல்லாம் இப்போதே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். அறிவிப்பு வந்த பிறகு தேடினால் கடைசித் தேதி போய்விடும்.

விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகள் திருவனந்தபுரத்தில் படித்து அங்கேயே தங்கி, ஆதார் முகவரியையும் மாற்றிவிடுகிறார்கள். அப்புறம் இந்த மாவட்டத்துக்காரர் என்று நிரூபிக்க அல்லாட்டம். பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயரும் ஆதாரில் வீட்டுப் பெயருமாக இனிஷியல் மாறிக் கிடந்தாலும் அதே கதைதான். இரண்டையும் முன்கூட்டியே சரிசெய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. மண்டபம் பிடித்து, மூவாயிரம் ஐயாயிரம் வசூலித்து, பொன்னாடை போட்டு 'கலை' என்று தொடங்கும் பட்டம் கொடுக்கும் கூட்டம் ஒன்று சுற்றுகிறது. அந்தக் கேடயத்தை எந்தத் தேர்வுக் குழுவும் மதிக்காது. மாவட்ட விருதுக்கு "உள்ளே ஆள் இருக்கு" என்று யாராவது பணம் கேட்டால், அவரிடம் ஆதார் நகல்கூடக் கொடுக்காதீர்கள்.