ஓர்த்தோபீடிக் என்றால் எலும்பா?

அமெரிக்காவில் இருக்கும் மாமி மகள் போன மாதம் ஒரு கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். அவளுடைய மகனின் பாடசாலை எழுதியது. பிள்ளைக்கு ஏழு வயது, பிறந்ததிலிருந்து மூளை முடக்குவாதம், கை கால் அசைவைப் பாதிக்கும் ‘செரிப்ரல் போல்சி’. ‘ஓர்த்தோபீடிக் இம்பெயர்மென்ட்’ என்ற பிரிவில் விசேட கல்விக்கு அவன் ‘எலிஜிபிள்’ என்று அதில் இருந்தது. “மச்சாள், இவனுக்கு எலும்புல ஒண்டும் இல்லையே, ஏன் எலும்பு டொக்டர்ர பேரைப் போட்டிருக்காங்க?” என்று கேட்டாள். மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் வளர்ந்தவள் அப்படிக் கேட்டது நியாயம்தான். கை கால் முறிந்தால் போகும் கிளினிக்கின் பெயராகத்தான் அந்தச் சொல் எங்கள் பக்கத்தில் புழங்குகிறது. அந்த வரியைச் சரியான தமிழில் எழுதி அனுப்ப நினைத்தேன்.

ஆனால் சொல்லுக்குள் எலும்பே கிடையாது. கிரேக்கத்தில் ‘ஓர்தோஸ்’ என்றால் நேரானது. ‘பைடியோன்’ என்றால் சிறுபிள்ளை. 1741இல் நிக்கோலா ஆந்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் இரண்டையும் சேர்த்துத் தன் நூலுக்குப் பெயர் வைத்தார். பிள்ளைகளின் உடலில் விழும் கோணலைத் தடுக்கவும் திருத்தவும் பெற்றோருக்கு வழி சொன்ன நூல் அது. அதிலே ஒரு படம்: வளைந்து வளர்ந்த இளமரத்தை நேரான கம்போடு சேர்த்துக் கயிற்றால் வரிந்து கட்டியிருக்கும். எலும்பு மருத்துவத்துக்கு இன்றைக்கும் அந்த மரம்தான் சின்னம். ‘பீடி’யைக் கால் என்று எண்ணுபவர்களும் உண்டு. அது லத்தீன் சொல்லோடு வந்த குழப்பம்.

தமிழும் இதே இடத்திலிருந்துதான் பார்த்திருக்கிறது. முடங்கு, முடக்கு, முடம் எல்லாம் வளைவைச் சொல்லும் ஒரே வேரின் கிளைகள். முடத்தெங்கு என்றால் வளைந்த தென்னை. நம் வளவில் நின்று, நம் தண்ணீரைக் குடித்து, வேலிக்கு அப்பால் சாய்ந்து அடுத்த வீட்டுக்குக் காய் போடுமே, அந்த மரம். நன்னூல் அதை ஆசிரியராக இருக்கத் தகாதவருக்கு உவமை ஆக்கியது. படிக்க வந்த பிள்ளையை அல்ல, படிப்பிக்க வந்தவரைத்தான் முடம் என்றது. பின்னாளில் அந்தச் சொல் பிள்ளைகள் மேல் வசையாய் விழுந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது.

இனி அமெரிக்கச் சட்டம். 1975இல் வந்த அவர்களுடைய விசேட கல்விச் சட்டம் இன்று 13 வகைக் குறைபாடுகளைப் பெயர் சொல்லிப் பிரிக்கிறது. அதில் ஒன்றுதான் ‘ஓர்த்தோபீடிக் இம்பெயர்மென்ட்’. பிறவியிலேயே அமைந்த உறுப்புக் குறை, போலியோ, எலும்பில் வரும் காசநோய், மூளை முடக்குவாதம், உறுப்பு நீக்கம், எலும்பு முறிந்தோ தீப்பட்டோ மூட்டு மடங்கி இறுகிப்போவது எல்லாம் இதற்குள் வரும். ஒன்றின் மூலம் மூளையில், ஒன்றினது தோலில். ஆகவே ‘எலும்பியல் குறைபாடு’ என்று பெயர்த்தால் பிழை. மாற்றுத்திறனாளி என்பது ஆளை மரியாதையாகச் சொல்லும் சொல். நிலையைக் குறிக்க அது உதவாது. ‘ஊனம்’ குறைந்தது என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்தது, இப்போது காதுக்குக் கசக்கிறது. இம்பெயர்மென்ட்டுக்குக் ‘குறைபாடு’ போதும்.

நான் எழுதுவது ‘உடலியக்கக் குறைபாடு’. வகுப்பறையில் தட்டுப்படுவது இயக்கம்தான். எங்கள் ஒழுங்கையில் ஒரு பையன் இருக்கிறான். விரல்கள் இறுகியிருப்பதால் மெல்லிய பென்சில் கையில் நிற்காது. அவனுடைய அம்மா பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பென்சிலில் தடிப்பாகச் சுற்றிக் கொடுத்தா. இப்போது ‘ழ’னாவை வளைத்து எழுதுகிறான், ஒரு வரி முடிய மற்றப் பிள்ளைகள் நாலு வரி எழுதிவிடுகிறார்கள், அவ்வளவுதான். ‘உடலியக்கம்’ என்று எழுதினால் பென்சில், கதிரை, படி, கழிவறை எல்லாம் வாசிப்பவர் கண்ணுக்கு வரும். ‘எலும்பு’ என்றால் எக்ஸ்ரே மட்டும்தான் வரும்.

‘எலிஜிபிள்’தான் எனக்குக் கூடுதலாக வேலை வைத்தது. தகுதி என்பார்கள், எங்கள் பக்கத்தில் தகைமை. வைத்தியச் சான்றிதழ் மட்டும் அங்கே போதாது. குறைபாடு படிப்பைப் பாதிக்கிறதா, அதனால் விசேடமாகக் கற்பிக்க வேண்டியிருக்கிறதா என்று பெற்றோரும் சேர்ந்த குழு பார்க்கும். சாய்தளமும் மேலதிக நேரமும் மட்டும் வேண்டிய பிள்ளைக்கு 1973ஆம் ஆண்டின் வேறொரு சட்டம் இருக்கிறது. குழு செய்யும் பரிசீலனைக்குத் ‘தகைமை காணல்’ பொருந்தும். முடிவைச் சொல்லும் இடத்தில் ‘உரித்து’, அதாவது உரிமை, என்றே எழுத வேண்டும். தகைமை என்றால் பிள்ளை எதையோ தேறிக் காட்டியது போலிருக்கும்; உரித்து என்றால் கொடுக்கவேண்டியவர் பக்கம் பொறுப்புப் போகும். இலங்கையிலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, குறைபாட்டைக் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்ட முடியாது. அதுவும் உரித்தின் பேச்சுத்தான்.

“உடலியக்கக் குறைபாட்டின் அடிப்படையில் விசேட கல்விக்கு உரித்துடைய பிள்ளை” என்று எழுதி மச்சாளுக்கு அனுப்பினேன். மாமிக்கும் வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அப்ப அவன்ட உயரத்துக்கு மேசை குடுப்பாங்களா?” என்று கேட்டா.