கட்டைவிரலில் ஓர் ஊசிக்குத்து

1976 நவம்பர். இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ஆய்வகம். எபோலா என்ற உயிர்கொல்லி வைரஸின் பெயரே அப்போது புதிது. வைரஸ் ஏற்றிய கினிப்பன்றியின் ஈரலை அரைத்து, அந்தத் திரவத்தைக் கையாண்டுகொண்டிருந்தார் ஓர் ஆய்வாளர். ஊசி நழுவி, கையுறையைத் தாண்டிக் கட்டைவிரலில் பட்டது. சட்டென்று கையுறையைக் கழற்றினார், விரலைக் கிருமிநாசினியில் முக்கிப் பிதுக்கினார். ரத்தம் வரவில்லை. குத்திய தடம்கூடத் தெரியவில்லை. ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது.

கண்ணுக்கே தெரியாத குத்து எப்படிப் போதுமானதாகிறது? நம் தோலின் மேலடுக்கு செத்த செல்களால் ஆனது. வைரஸ் பெருக உயிருள்ள செல் வேண்டும், எனவே காயமில்லாத தோல் நல்ல மதில். ஊசி அந்த மதிலைத் தாண்டி நேராக உள்ளே இறக்கிவிடுகிறது. தையல் ஊசியாக இருந்தால் மேலே ஒட்டியதில் கொஞ்சத்தைக் கையுறையே துடைத்துவிடும். சிரிஞ்சு ஊசியோ குழாய். உள்ளே இருக்கும் திரவத்தை யார் துடைப்பது?

அந்த ஆய்வாளர் பிழைத்தார். வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் புரதமான இன்டர்ஃபெரானும், எபோலாவிலிருந்து மீண்டவர்களின் ரத்தச் சீரமும் (எதிர்ப்புப் பொருள்கள் உள்ள ரத்தத்தின் நீர்ப்பகுதி) கொடுத்தார்கள்.

ஊசியாவது பரவாயில்லை, பட்டதும் 'ஐயோ' என்று தெரிந்துவிடும். காற்றுவழி அப்படியில்லை. திரவத்தை அளந்து எடுக்கும் குழாயான பிப்பெட்டின் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளும்போது ஒரு குமிழி உடையும், அவ்வளவுதான். அதில் தெறிக்கும் துளிகளில் மிகச் சிறியவை கீழே விழாமல் மிதக்கும், மூச்சோடு நுரையீரலின் அடிவரை போகும். அதனால்தான் காற்றை உள்ளிழுத்து வடிகட்டும் பெட்டிக்குள் கையை விட்டு வேலை செய்கிறார்கள்.

அப்புறம், தவறு தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2003இல் சிங்கப்பூரில் ஒரு மாணவர் வெஸ்ட் நைல் வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தார். வந்ததோ சார்ஸ் என்ற வேறொரு வைரஸ் தரும் கடும் நுரையீரல் நோய்! அவர் கையாண்ட மாதிரியிலேயே சார்ஸ் வைரஸ் கலந்திருந்தது.

2009 மார்ச்சில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் மறுபடியும் எபோலா, மறுபடியும் ஊசி. இம்முறை மூன்று அடுக்குக் கையுறை. மூன்றையும் தாண்டிக் குத்தியது. மனிதர்களிடம் அதுவரை சோதிக்காத தடுப்பூசி ஒன்றைக் கனடாவிலிருந்து தருவித்து, 48 மணி நேரத்துக்குள் அந்த விஞ்ஞானிக்குப் போட்டார்கள். காய்ச்சல் வந்தது, போனது. ரத்தத்தில் எபோலா கடைசிவரை தென்படவில்லை. தடுப்பூசி காப்பாற்றியதா, அல்லது அந்த ஊசியில் வைரஸே உள்ளே போகவில்லையா என்பது இன்றுவரை தெரியாது.