இடைவெளிக்குப் பிறகு வேலையா? ஈ.பி.எஃப். விசயத்தில் ஏமாறாதீர்கள்

பிள்ளை பிறந்து நாலைந்து வருடம் வீட்டோடு இருந்தவர், கட்டாருக்குப் போய்த் திரும்பியவர், ஒக்டோபர் மழையோடு திருகோணமலை உப்புவெளி ஹோட்டல் வேலை நின்றுபோனவர். திரும்ப வேலைக்குச் சேரும்போது ஈ.பி.எஃப். எனும் ஊழியர் சேமலாப நிதி பற்றி முதலாளியிடமிருந்து இவர்கள் கேட்கும் பதில் ஒன்றுதான்: "ஆறு மாதம் பாப்பம், பிறகு ஈ.பி.எஃப். போடுவம்."

அப்படியொரு ஆறு மாதம் இலங்கைச் சட்டத்தில் கிடையாது. தற்காலிகம், பயிற்சிக்காலம், நாட்கூலி எதுவானாலும் சேர்ந்த நாளிலிருந்தே ஊழியர் சேமலாப நிதி உண்டு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம். ஈ.டி.எஃப். எனும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதம் முழுக்க அவருடையது. 30,000 ரூபாய் சம்பளத்துக்கு உங்களிடம் வெட்டக்கூடியது 2,400 மட்டுமே. சம்பளச் சிட்டையில் 6,000 வெட்டியிருந்தால் அவருடைய பங்கையும் உங்கள் தலையில் கட்டிவிட்டார் என்று அர்த்தம், அது குற்றம். சிட்டையே தராத இடமென்றால் சம்பளம் வங்கியில் விழுந்த பதிவையாவது எடுத்து வையுங்கள். பின்னால் நீங்கள் அங்கே வேலை செய்ததற்கு அதுதான் சாட்சி.

இனி பழைய கணக்கு. வேலை நின்றதால் அந்தக் காசு அழிவதில்லை, வருடாவருடம் வட்டி சேரும். ஆனால் ஒவ்வொரு முதலாளியிடமும் உங்களுக்கு வேறு வேறு அங்கத்துவ இலக்கம். மூன்று இடத்தில் வேலை செய்தவருக்கு மூன்று இலக்கம் இருக்கும், மூன்றையும் இணைப்பது உங்கள் தேசிய அடையாள அட்டை இலக்கம்தான். சிக்கல் பிறப்பதும் அங்கேதான். 'சிவராசா' ஓரிடத்தில் 'சிவராஜா' ஆகியிருக்கும், 'முஹம்மது' 'மொஹமட்' ஆகியிருக்கும், முதலெழுத்து மாறியிருக்கும், பழைய ஒன்பது இலக்க அட்டையில் ஓர் எண் பிசகியிருக்கும். கந்தோரில் எழுதியவரின் பிழை, அலைவது நீங்கள். ஐம்பது, ஐம்பத்தைந்து வயதில் காசு எடுக்கப் போகும்போது இதைக் கண்டுபிடித்தால் பழைய முதலாளியே இருக்கமாட்டார். இப்போதே திருத்துங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசி, பழைய சேவைச் சான்றிதழ் அல்லது நியமனக் கடிதம் எல்லாம் வேண்டும். புது இடத்தில் பதிவுப் படிவம் நிரப்பும்போது எழுதியவரை நம்பிக் கையெழுத்து வைக்காமல் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

எந்த மாதம் கட்டப்பட்டது, எது விடுபட்டது என்பது கணக்குக் கூற்றில் தெரியும். அது பொதுவாக முதலாளி வழியாக வரும்; பல இடங்களில் மேசை லாச்சியோடு நின்றுவிடும். பணத்தை வைத்திருப்பது மத்திய வங்கி. முறைப்பாட்டையும் காசு எடுக்கும் விண்ணப்பத்தையும் பார்ப்பது தொழில் திணைக்களம். இந்த இரண்டுக்கும் நடுவில் மக்களைப் பந்தாடுவது பழகிப்போன விளையாட்டு. மத்திய வங்கிக்குத் திருகோணமலையில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. கொழும்பு பஸ் ஏறுமுன் அங்கே விசாரியுங்கள்.

இடைவெளியில் கை வைக்கும் காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலையை விட்டவுடன் ஈ.டி.எஃப். எடுக்கலாம், வயது தடையில்லை. ஆனால் ஒருமுறை எடுத்தால் அடுத்த ஐந்து வருடத்துக்கு மறுபடி எடுக்க முடியாது. இரண்டு மாத இடைவெளியில் சின்னத் தொகைக்காக எடுத்தவர், அடுத்த முறை உண்மையிலேயே வேலை போகும்போது வெறுங்கையோடு நிற்பார். திருமணத்துக்காக வேலையை விட்ட பெண்கள் ஈ.பி.எஃப். முழுவதையும் எடுக்கலாம் என்பதும் அப்படித்தான். பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதில் வரவேண்டிய காசு அது. திரும்ப வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் தொடாதீர்கள்.

நிலாவெளி, உப்புவெளி சீசன் வேலைக்காரர் கவனிக்க. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. முதலாளி வேலை கொடுக்காமல் விட்ட காலம் அந்தத் தொடர்ச்சியை முறிக்காது. உங்கள் கையெழுத்து முறிக்கும். செப்டெம்பர் முடிவில் "ஒரு ராஜினாமாக் கடிதம் தந்திட்டுப் போங்கோ, மே மாதம் கூப்பிடுவம்" என்று கேட்டால் எழுதிக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் ஒவ்வொரு மே மாதமும் உங்கள் சேவை பூச்சியத்திலிருந்து தொடங்கும். விடுமுறை என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கட்டாத ஈ.பி.எஃப். காசுக்கு முறைப்பாடு செய்ய செலவில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. பிந்திய பணத்துக்கு முதலாளி 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் கட்ட வேண்டிவரும், அதனால் தொழில் கந்தோரில் இருந்து ஒரு கடிதம் போனாலே சிலர் இறங்கி வருவார்கள். மூதூர், புல்மோட்டைப் பக்கமிருந்து வருகிறவர்கள் முதலில் போன் எடுத்து அதிகாரி இருக்கிறாரா என்று கேளுங்கள். "ஐயா வெளிக்களத்தில்" என்ற பதிலுக்கு ஒரு நாள் கூலி போகும். வாயால் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். முறைப்பாட்டை இரண்டு பிரதி எழுதுங்கள், ஒன்றைக் கொடுத்து மற்றதில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். முத்திரையில்லாத பிரதியோடு மூன்று மாதம் கழித்துப் போனால் "அப்படி ஒன்றும் வரவில்லையே" என்பார்கள்.