பனியன் துணி கேட்கும் தையல்

மகளுக்குப் பனியன் துணியில் ஒரு டாப் தைத்தேன். அளவு சரி, வெட்டும் சரி. முதல் முறை தலை வழியாக மாட்டியபோதே கழுத்தில் பட்டென்று சத்தம். துணி கிழியவில்லை, தையல் நூல்தான் அறுந்திருந்தது. அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. துணியின் ஓரத்தைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்கலாமா? ஏற்கெனவே ஒரு மெஷின் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? விலை விசாரிக்கும் முன், அந்த நூல் ஏன் அறுந்தது என்று பார்க்க உட்கார்ந்தேன்.

பிளவுஸ் துணி தறியில் நெய்தது. பாவும் ஊடையும், அதாவது நீள நூலும் குறுக்கு நூலும், நேராக ஓடுவதால் இழுத்தால் பெரிதாக நீளாது. பனியன் துணி பின்னல். வளையத்துக்குள் வளையமாக ஒரே நூல் வளைந்து வளைந்து போகிறது. இழுக்கும்போது அந்த நூல் நீள்வதில்லை, வளைந்து கிடந்தது நிமிர்கிறது, அவ்வளவுதான். விட்டால் மறுபடி வளைந்துகொள்கிறது. அப்படியானால் அதன்மேல் போடும் தையலிலும் நிமிர்வதற்கு மிச்ச நூல் இருக்க வேண்டும். சாதாரண மெஷின் போடும் தையலில் அது இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு மெஷினின் அடியில் நடப்பதைப் பார்க்க வேண்டும். ஊசி துணியைக் குத்திக் கீழே இறங்கி, பிறகு இரண்டு மில்லிமீட்டர் போல மேலே ஏறுகிறது. அதன் நூலைத் துணியின் உராய்வு கூடவே ஏறவிடாமல் பிடித்துக்கொள்வதால், ஊசிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் காது போல நூல் புடைக்கிறது. சுழன்று வரும் கொக்கியின் முனை அந்தக் காதுக்குள் நுழைந்து, அதைப் பெரிதாக்கி, கீழ்நூல் சுற்றிய பாபின் இருக்கும் கேஸைச் சுற்றித் தாண்டவிடுகிறது. ஒவ்வொரு தையலுக்கும் மேல்நூல் பாபினை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தாக வேண்டும். பாபின் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது, ஏன் பாதித் தையலில் தீர்ந்துபோகிறது என்பதற்கும் காரணம் இதுவே. பெரிய நூல்கண்டை அந்தச் சின்ன வளையம் சுற்றி வர முடியாது.

அப்புறம் மேலே உள்ள லிவர் நூலை இழுக்க, இரண்டு நூலும் துணியின் நடுவில் பின்னி இறுகுகின்றன. 1846இல் எலியாஸ் ஹோவ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற மெஷின் போட்டதும் இந்தப் பூட்டுத் தையலைத்தான். இதில் ஒரு மீட்டர் தையலுக்குச் சுமார் இரண்டரை முதல் மூன்று மீட்டர் நூல் போகிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் கிட்டத்தட்ட நேராகக் கிடக்கின்றன. பிளவுஸுக்கு இதைவிட நல்ல தையல் இல்லை. பனியன் துணி விரியும்போது மட்டும், நிமிர்வதற்கு எதுவும் இல்லாமல் நூல் அறுகிறது.

ஓவர்லாக்கில் பாபினே கிடையாது. அதற்குப் பதில் இரண்டு லூப்பர்கள், அதாவது நுனியில் கண் உள்ள வளைந்த கொக்கிகள். மூன்று நூல் ஓவர்லாக்கில் நடப்பது இது. ஊசி ஏறும்போது புடைக்கும் அதே காதுக்குள் கீழ் லூப்பர் நுழைந்து, தன் நூலைத் துணியின் ஓரம்வரை கொண்டுவருகிறது. ஓரத்துக்கு வெளியே நிற்கும் மேல் லூப்பர் அந்த நூலின் இடுக்கில் புகுந்து, தன் நூலோடு ஓரத்தைத் தாண்டி ஏறித் துணியின் மேல்பக்கம் வருகிறது. ஊசி மறுபடி இறங்கும்போது மேல் லூப்பர் நூலின் இடுக்கு வழியாக இறங்குகிறது. மூன்று பேர் கைகோத்து ஓரத்தைச் சுற்றி நடப்பது போல எனக்குத் தோன்றும். ஒருமுறை கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், அவ்வளவு அழகாக இருக்கும்.

இப்படிச் சுற்றிச் சுற்றிப் போவதால் ஒரு மீட்டருக்குச் சுமார் 14 மீட்டர் நூல் செலவாகிறது. கேட்டால் வீண் செலவு போல இருக்கும். ஆனால் அந்தக் கூடுதல் நூல்தான் தையலின் நீட்சி. துணி விரியும்போது வளையங்கள் நிமிர்ந்து இடம் கொடுக்கின்றன. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பின்னலாடை ஆலை நடத்திய மெரோ குடும்பத்தார் 1881இல் இந்த வகை மெஷினை உருவாக்கியதில் ஆச்சரியம் இல்லை. அவர்கள் கையில் இருந்த துணியே அதைக் கேட்டது. பாபின் மாற்ற நிறுத்தும் வேலையும் இல்லாததால், ஆலை மெஷின்கள் நிமிடத்துக்கு 6000 தையலையும் தாண்டும்.

இன்னும் இரண்டு விஷயங்கள் இதில் உண்டு. தையலுக்கு முன்னால் ஒரு கத்தி ஓரத்தை வெட்டிக்கொண்டே போகும். தைத்து முடித்ததும் பிசிறு இருக்காது. தவறாகத் தைத்தால் பிரித்துப் பெரிதாக்க ஓரத்தில் துணியும் இருக்காது. அடுத்தது, துணியைத் தள்ளும் பல் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு செட். முன்பல்லை வேகமாகவும் பின்பல்லை மெதுவாகவும் வைத்தால், பனியன் துணி இழுபட்டு அலை அலையாக ஆவதில்லை. என் மெஷினில் எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் வராதது இதுதான்.

சரி, இவ்வளவு நல்லது என்றால் மடிப்பு அடிக்கும் பேட்லாக் மெஷினும் வாங்கலாமே? ஒரு டி-ஷர்ட்டின் கீழ்மடிப்பைத் திருப்பிப் பாருங்கள். வெளியே இரண்டு இணைகோடுகள், உள்ளே வலை போன்ற பின்னல். திருப்பூரில் பேட்லாக் என்று சொல்லும் மெஷின் போட்டது அது. இரண்டு ஊசிகளின் நூல் காதுகளையும் ஒரே லூப்பர் துணிக்கு அடியில் கோத்துப் பிடிக்கிறது. மீட்டருக்குச் சுமார் 18 மீட்டர் நூல். திருப்பூர் கம்பெனியில் ஒருவர் ஓவர்லாக்கிலும் இன்னொருவர் பேட்லாக்கிலும் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், துணி மட்டும் கைமாறும். அங்கே ஒரு தையலுக்கு ஒரு மெஷின் என்பது நியாயம். வீட்டில் அந்த மெஷின் மடிப்பு அடிக்க மட்டும் விழிக்கும்.

மடிப்புக்கு வேறு வழியும் உண்டு. என் மெஷினில் ஊசி இடமும் வலமுமாக நகர்ந்து தைக்கும் ஜிக்ஜாக் இருப்பதால் இரட்டை ஊசி மாட்ட முடியும். இரண்டு மேல்நூலுக்கும் பாபின் நூல் ஒன்றே என்பதால், அது அடியில் இங்கும் அங்குமாக ஓடி, கொஞ்சம் மிச்ச நூலைச் சேர்த்துவைக்கிறது. பேட்லாக் அளவுக்கு நீளாது, ஆனால் மடிப்புக்குப் போதும். நேர்த் தையல் மட்டும் போடும் மெஷினில் இதைச் செய்யாதீர்கள். ஊசித்தகட்டின் துளை சின்னது, இறங்கும்போதே ஊசி உடையும்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு பனியன் துணி தைப்பவருக்கு ஜிக்ஜாக்கே போதும் என்றுதான் சொல்வேன். அதிலும் நூல் வளைந்துதான் கிடக்கிறது. எங்கள் வீட்டிலோ சுடிதாரும் நைட்டியும்தான் அதிகம், இரண்டிலும் பிசிறு பிரச்சினை. நெய்த துணி, பின்னல் துணி இரண்டுக்கும் ஓவர்லாக்குக்கு வேலை இருக்கிறது. அதனால் அது ஒன்று மட்டும், அதிலும் நான்கு நூல் போடக்கூடியது, வாங்குவதென்று முடிவானது.

கடைக்குப் போகும்போது அந்த டாப்பின் மிச்சத் துணியையும் எடுத்துப் போனேன். அவர்கள் விறைப்பான காட்டன் துண்டில்தான் தைத்துக் காட்டினார்கள். என் துணியைக் கொடுத்துத் தைக்கச் சொன்னேன். இரண்டு கையாலும் இழுத்தேன். துணி அதன் எல்லைவரை விரிந்து நின்றது, நூல் அப்போதும் தளர்வாகவே இருந்தது.